வீட்டுக்குள் குவில்ட்டிங்: பெரிய த்ரோட் மெஷினா, பழைய பவர் மெஷினா, ஃப்ரேமா?

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாகக் குழந்தைப் போர்வைகள் தைக்கிறேன். 36க்கு 45 அங்குலம், அதைத் தாண்டியதில்லை. கையில் இருப்பது சாதாரண உஷா ஜனோம் மெஷின். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது அக்கா மகள் கல்யாணத்துக்கு இரட்டைக் கட்டில் குவில்ட் (மேல்துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழ்த்துணி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை) தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். 90க்கு 100 அங்குலம். மேல்துணியை இணைத்து முடித்தாயிற்று. மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க உட்கார்ந்தபோதுதான் வினை. சுருட்டி மெஷினுக்குள் நுழைக்கவே இரண்டு பேர் தேவைப்பட்டது. நுழைத்த பிறகு துணி நகர மறுக்கிறது. தையல் ஓரிடத்தில் எறும்பு வரிசை மாதிரி, அடுத்த இடத்தில் தவளை தாவியது மாதிரி.

கையில் ஒன்றேகால் லட்சம் வரை இருக்கிறது. அறை 10க்கு 11 அடி, அதில் ஒரு கட்டிலும் பீரோவும் வேறு. யோசித்து வைத்திருப்பவை மூன்று: நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியிடம் பெரிய த்ரோட் மெஷின், அதாவது ஊசிக்கு வலப்பக்கம் இடம் அதிகமுள்ள ஜூகி டிஎல்-2010க்யூ வாங்கி வரச் சொல்வது, திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் ஓடிய பழைய பவர் மெஷின் ஒன்று எடுப்பது, அல்லது துணியை மாட்டிவிட்டு மெஷினை நகர்த்துகிற ஃப்ரேம். வீடியோ பார்த்துப் பார்த்து ஃப்ரேம் மேல் ஆசை வந்துவிட்டது. எது உருப்படும்?

கணக்கப்பிள்ளை (மதுரை)

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. 36க்கு 45 என்பது ஒரு சதுர மீட்டருக்குச் சற்று மேல். 90க்கு 100 என்பது 5.8 சதுர மீட்டர். மேல்துணி, கீழ்த்துணி, நடு அடுக்கு எல்லாம் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 410 கிராம் என்று வைத்தால், குழந்தைப் போர்வை அரைக் கிலோ கூட வராது. கல்யாணப் போர்வை இரண்டரைக் கிலோவை நெருங்கும். உங்கள் கை இத்தனை நாள் பழகியது அரைக் கிலோவுக்கு.

அடுத்தது சுருள். நடுவில் தைக்கும்போது பாதி அகலம், அதாவது 45 அங்குலம், மெஷினின் வலப்பக்கம் உள்ளே இருக்க வேண்டும். மூன்று அடுக்கும் சேர்ந்து 5 மில்லிமீட்டர் கனம் என்றால், எவ்வளவு இறுக்கிச் சுருட்டினாலும் உருளை 3.3 அங்குலத்துக்குக் குறையாது. கையால் சுருட்டும்போது 4 என்றே வையுங்கள். சாதாரண வீட்டு மெஷினில் ஊசிக்கும் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே, இங்கே எல்லோரும் த்ரோட் என்கிறார்களே, அந்த இடம் ஆறரை அங்குலம் இருக்கும். கை அசைக்க மிஞ்சுவது இரண்டரை. நீங்கள் சொன்ன ஜூகியில் எட்டரை, மிஞ்சுவது நாலரை. பவர் மெஷினில் பத்துக்குச் சற்று மேல், மிஞ்சுவது ஆறு. இதைவிடப் பெரிய மெஷின்களும் உண்டு: ஜனோம் கான்டினென்டல் எம்7 பதிமூன்றரை, ஹேண்டி குவில்ட்டர் ஸ்வீட் சிக்ஸ்டீன் பெயரிலேயே 16 என்கிறது.

நான் தைப்பதில்லை. தைப்பது மனைவி. அளவெடுக்க மட்டும் என்னைக் கூப்பிடுவார்.

ஸ்கார்பரோ_மாமி (டொரன்டோ)

தங்கச்சி, ஃப்ரேம் ஆசையை நான் அனுபவத்திலிருந்து உடைக்கிறேன், குறை நினைக்க வேண்டாம்.

என்னிடம் 15 அங்குல மெஷின், 8 அடி ஃப்ரேம். நல்ல சாமான்தான். ஆனால் 15 அங்குலம் என்றால் 15 அங்குலமும் தைக்கலாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன். தைத்து முடித்த பகுதி த்ரோட்டுக்குள் இருக்கிற உருளையில் சுற்றிக்கொண்டே வரும். உண்மையில் கிடைப்பது 10, 11 அங்குலம்தான், அதுவும் போகப் போகக் குறையும். வீட்டு மெஷினை ஃப்ரேமில் ஏற்றினால் ஐந்து அங்குலம் கிடைத்தால் பெரிய விஷயம். ஒவ்வொரு வரிசைக்கும் உருளையைத் திருப்பித் திருப்பி அலுத்துப் போகும்.

இன்னொன்று. உங்கள் குவில்ட் 90 அங்குல அகலம். ஃப்ரேமில் மாட்டக் கீழ்த்துணி இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் கூட வேண்டும், 98 ஆகிவிடுகிறது. 8 அடி என்பது 96. ஆக உங்களுக்கு வேண்டியது 10 அடி ஃப்ரேம். உங்கள் அறையோ 10க்கு 11. முன்பக்கம் நின்று தைக்கவும், பின்பக்கம் போய் வடிவத்தாளைப் பார்த்துத் தைக்கவும் இடம் வேண்டாமா? கட்டிலையும் அலுமாரியையும் தூக்கித் தெருவில் போட்டாலும் கஷ்டம்.

நான் பேஸ்மென்ட் இருக்கிறதென்று வாங்கினேன். குளிர்காலத்தில் அங்கே இறங்க மனம் வராது. பாதி நாள் அதன்மேல் துவாய்தான் காய்கிறது.

பவர்டேபிள் (திருப்பூர்)

வணக்கங்க. 22 வருசமா பனியன் கம்பெனிகளில் மெஷின் மெக்கானிக். குவில்ட்டிங் தெரியாது, மெஷின் தெரியும். பழைய பவர் மெஷின் எடுக்கப் போகிறவர்கள் இதையெல்லாம் பாருங்க.

முதலில் மோட்டார். பழைய கிளட்ச் மோட்டார் என்றால் சுவிட்ச் போட்டதுமே ஓடிக்கொண்டே இருக்கும், சத்தம் போடும், பெடலை லேசாகத் தொட்டாலும் குதிரை மாதிரி பாயும். கம்பெனியில் இருந்து கழற்றி வந்தது சிலது மூன்று ஃபேஸ். வீட்டில் கொண்டு வந்து வைத்து முழிப்பீர்கள். ஒரு ஃபேஸில் ஓடுகிற செர்வோ மோட்டார் மாற்றிக்கொள்ளுங்க. வேகத்தை நீங்களே குறைத்துப் பூட்டி வைக்கலாம். ஜூகி டிடிஎல்-8700 மாதிரி மெஷின் நிமிடத்துக்கு 5,500 தையல் போகும். உங்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இரண்டாவது ஆயில். வீட்டு மெஷினில் சொட்டு விடுவீர்கள், இதில் அடியில் ஒரு தொட்டி நிறைய ஆயில் நிற்கும். சீல் போன மெஷின் என்றால் வெள்ளைத் துணியில் புள்ளி விழும். வாங்கும் இடத்திலேயே வெள்ளைத் துணி போட்டுப் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்க. விற்பவர் முகம் மாறினால் விட்டுவிடுங்க.

மூன்றாவது, வீட்டு மெஷின் ஊசி இதில் ஏறாது. டிபிஎக்ஸ்1 என்று கேட்டு வாங்கணும்.

ஒட்டுத்துணி (புனே)

எல்லோரும் மெஷினையே பேசுகிறீர்களே. இங்கே வீட்டுக்கு வீடு கோதடி தைக்கிறார்கள், பழைய புடவைகளை அடுக்கி, கையால், ஓட்டுத் தையலில். கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி சமூகத்துப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வை ஓரத்தில் தொடங்கி உள்நோக்கிப் போகும், நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கே கிடையாது. த்ரோட்டும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. கல்யாணப் பரிசென்றால் கையால் தைப்பதுதானே அழகு?

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

ஆசைதான். கல்யாணம் 11 வாரத்தில். எனக்கு வலது மணிக்கட்டில் ஏற்கெனவே வலி, டாக்டர் பட்டை போட்டு விட்டிருக்கிறார்.

பேட்டிங் என்றதும் நினைவு வருகிறது. வீட்டில் "பேட்டிங் சரியில்லை" என்று நான் புலம்ப, என் வீட்டுக்காரர் டி.வி.யைப் பார்த்துவிட்டு "இப்பத்தானே ரெண்டு ஃபோர் அடிச்சான்" என்றார். கடையில் கேட்கும்போது வாடிங், பாலிஃபில் ஷீட் என்றால்தான் புரிகிறது.

இரட்டைத்தையல் (பெங்களூரு)

கையால்தான் அழகு என்ற பேச்சு அமெரிக்காவிலும் ரொம்ப நாள் ஓடியது. 1989இல் கென்டக்கி மாநிலத்துப் படூக்காவில் நடக்கும் பெரிய கண்காட்சியில், கேரில் பிரையர் ஃபேலர்ட் மெஷினில் குவில்ட் செய்த ஒன்று மொத்தக் கண்காட்சிக்கான முதல் பரிசு வாங்கியது. மெஷின் வேலைக்கு அங்கே அந்தப் பரிசு போனது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு சத்தம் கொஞ்சம் அடங்கியது.

என்னிடம் இருப்பது பெர்னினா மெஷின், தையல் நீளத்தைச் சீராக்கும் ஸ்டிச் ரெகுலேட்டர் பாதத்தோடு (பாதம் என்பது ஊசியைச் சுற்றித் துணியை அழுத்தும் பகுதி). அடியில் துணியை இழுத்து நகர்த்தும் பல்லை இறக்கிவிட்டு ஃப்ரீ மோஷன் தைக்கும்போது துணியை நகர்த்துவது நம் கை. கை வேகமும் ஊசி வேகமும் ஒத்துப்போகாவிட்டால் தையல் நீளம் மாறிக்கொண்டே இருக்கும். இந்தப் பாதத்தில் இருக்கிற சென்சார் துணி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்து, ஊசி வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும். ஃப்ரேம்களில் இதே வேலையைச் சக்கரத்தோடு ஓடி நகர்வை அளக்கும் என்கோடர் செய்கிறது.

இருந்தும் உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். விலை உங்கள் கணக்கைத் தாண்டும். அதோடு, தவளை தாவுவதற்கு ரெகுலேட்டர் இல்லாதது காரணம் என்று நான் நினைக்கவில்லை. உங்கள் மெஷின் மேசைமேல் நிற்கிறதா, மேசைக்குள் பதிந்திருக்கிறதா?

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

மேசைமேல்தான். பழைய கம்ப்யூட்டர் மேசை.

இரட்டைத்தையல் (பெங்களூரு)

அப்படியானால் கதை அங்கேதான். மெஷினின் படுக்கை மேசையிலிருந்து மூன்று நாலு அங்குலம் உயரத்தில் இருக்கும். இரண்டரைக் கிலோ துணி அந்த விளிம்பில் தொங்கி இழுத்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் முன்னால் தள்ளுகிறீர்கள், அது பின்னால் இழுக்கிறது, ஒரு நொடி விட்டுக்கொடுக்கும்போது தாவுகிறது.

ஒரு ரூபாய் மெஷினுக்குச் செலவு பண்ணுமுன் இதைச் செய்து பாருங்கள். கடையில் இரண்டு அங்குலத் தெர்மாகோல் பலகைகளை வாங்கி, மெஷினின் படுக்கை மட்டத்துக்கு அடுக்கி, மெஷின் நிற்கிற அளவுக்கு நடுவில் வெட்டுங்கள். மேலே வழவழப்பான மேசை விரிப்பு பிளாஸ்டிக்கை இழுத்து ஒட்டுங்கள். இடப்பக்கமும் பின்பக்கமும் இன்னொரு மேசையைத் தள்ளிப் போட்டு, எந்தப் பக்கமும் துணி தரையை நோக்கித் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கையில் ஹார்டுவேர் கடையில் விற்கும் ரப்பர் புள்ளி வைத்த காட்டன் கையுறை. குவில்ட்டிங் கையுறை என்று தனியாக விற்பதன் தாய்மாமன் அது.

ஸ்கார்பரோ_மாமி (டொரன்டோ)

சுருட்டவும் வேண்டாம். சுருட்டினால் மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும், திருப்ப ஏலாது. அள்ளிக் குவித்து, ஊசியைச் சுற்றி ஒரு தட்டளவு இடம் மட்டும் தட்டையாக இருந்தால் போதும். அந்தத் தட்டு முடிந்ததும் நிறுத்தி, ஊசியைத் துணிக்குள் இறக்கி விட்டுவிட்டு, மறுபடி அள்ளி வையுங்கள். கதிரையை உயர்த்தி உட்காருங்கள், தோளால் தள்ளாமல் முழங்கையால் தள்ள வரும். பின் எல்லாம் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று குத்தியிருக்கிறீர்கள்தானே?

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

குத்தியிருக்கிறேன் மாமி. 400 பின்னுக்கு மேல். எண்ணினேன்.

தெர்மாகோல் முயற்சி முடிந்தது, 700 ரூபாய்க்குள். வித்தியாசம் நம்பவே முடியவில்லை. ஓரங்களில் தையல் சீராக வருகிறது. ஆனால் நடுவுக்கு வந்ததும் கணக்கப்பிள்ளை சார் சொன்ன இரண்டரை அங்குலம் கழுத்தைப் பிடிக்கிறது. ஆக மேசை பாதிப் பிரச்சினை, த்ரோட் மீதிப் பிரச்சினை. தம்பியிடம் ஜூகி கேட்கட்டுமா?

கணக்கப்பிள்ளை (மதுரை)

அந்த மெஷின் 11.5 கிலோ. பெட்டி, நுரையோடு சேர்த்தால் அவருடைய ஒரு சூட்கேஸ் முழுக்க அதுவே. அங்கே விற்பது 120 வோல்ட், இங்கே 230. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு தடவை சொருகினால் முடிந்தது கதை. உத்தரவாதமும் பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி. சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்பதையும் தம்பி முன்கூட்டியே விசாரிக்கட்டும்.

இரட்டைத்தையல் (பெங்களூரு)

அதையும் மீறி நல்ல மெஷின் என்பதைச் சொல்லியாக வேண்டும். நேர்த்தையல் மட்டும்தான், ஜிக்ஜாக் கிடையாது. நிமிடத்துக்கு 1,500 தையல், வேகத்தைக் கட்டுப்படுத்தத் தனி ஸ்லைடர், பல்லை இறக்க வசதி, பாதத்தை முழங்காலால் தூக்கும் லிஃப்ட். பிரதரின் பிக்யூ1500 வரிசையும் இதே ரகம். குவில்ட்டுக்கு 300 அலங்காரத் தையல் தேவையில்லை, ஒழுங்கான ஒரு நேர்த்தையல் போதும். விளம்பரத்தில் தையல் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போடுவார்கள், த்ரோட் அளவைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேயே 230 வோல்ட்டில் இந்த ரகம் கிடைத்தால் நான் இரண்டாம் யோசனை இல்லாமல் அதையே சொல்வேன். விநியோகஸ்தரிடம் ஒரு தடவை கேளுங்கள்.

பவர்டேபிள் (திருப்பூர்)

நேர்த்தையல்தான் வேணும், த்ரோட் பெரிசா வேணும் என்றால் எங்க ஊர் மெஷினையே சொல்ற மாதிரி இருக்குதுங்களே.

ஒரு விஷயம் மட்டும் ஒளிக்காமல் சொல்லணும். பவர் மெஷினில் பல்லை இறக்கும் லீவர் இருக்காது. ஊசித் தட்டைக் கழற்றினால் பல்லைப் பிடித்திருக்கிற இரண்டு திருகு தெரியும். அதைக் கழற்றிப் பல்லை எடுத்துவிட்டு, தட்டைத் திரும்ப மாட்டணும். நீங்கள் சொல்கிற அந்த ஃப்ரீ மோஷனுக்கு ஸ்பிரிங் வைத்த டார்னிங் பாதம் கிடைக்குது. ஆனால் நேர்க்கோட்டுத் தையலுக்கு மறுபடி பல்லை மாட்டணும். மாட்டும்போது உயரம் மாறினால் தையல் கெடும். அதனால் இதை ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க, துண்டு இணைக்க உங்க பழைய மெஷின் இருக்கட்டும்.

பல்லோடு மூன்று அடுக்கை நேர்க்கோட்டில் ஓட்டிப் பார்க்கலாம் என்றும் நினைக்காதீங்க. அடித்துணியைப் பல் இழுக்கும், மேல்துணி பின்தங்கும், கடைசியில் ஒரு அங்குலம் தள்ளி நிற்கும். சோபா தைப்பவர்கள் வைத்திருக்கும், மேல்துணியையும் சேர்த்து நகர்த்துகிற வாக்கிங் ஃபுட் மெஷின் வேற ரகம், வேற விலை.

ஸ்கார்பரோ_மாமி (டொரன்டோ)

திருப்பூர்த் தம்பி சொல்வது சரி. வீட்டு மெஷினுக்கு வாக்கிங் ஃபுட் தனியாக வாங்கி மாட்டலாம், நேர்க்கோடுகளுக்கு அது போதும். தங்கச்சி என்ன வடிவம் தைக்கிறீர்கள்?

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

வளைவு வளைவாக, ஒன்றையொன்று தொடாமல் ஊர்ந்து போகுமே, அது. எளிது என்றார்கள். கோலம் போடுகிற கைக்கு வரும் என்று நம்பினேன். கோலத்தில் கை நகரும், இதில் தாள் நகர்கிறது. மூளை குழம்புகிறது.

ஒட்டுத்துணி (புனே)

பென்சிலை மேசையோடு நிற்க வைத்துப் பிடித்துக்கொண்டு, தாளை மட்டும் நகர்த்தி வரைந்து பழகுங்கள். கைத்தையல்காரி சொல்கிறேனே என்று தள்ளிவிட வேண்டாம்.

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

பவர் மெஷின் எடுத்துவிட்டேன். முதலில் போன இடத்தில் வெள்ளைத் துணி போட்டு ஓட்டக் கேட்டதும், "அதெல்லாம் எதுக்குங்க மேடம்" என்றார்கள். பவர்டேபிள் அண்ணா சொன்னது ஞாபகம் வந்து திரும்பிவிட்டேன். இரண்டாவது இடத்தில் பத்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். செர்வோ மோட்டாரோடு 21,500. பல்லை அவர்களே கழற்றிக் கொடுத்தார்கள், திருகுகளை மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். மேசை ஏற்கெனவே மெஷினோடு சமமாக இருப்பதால் தெர்மாகோல் தேவைப்படவில்லை. இடப்பக்கம் ஆசாரி ஒரு பிளைவுட் பலகை நீட்டிக் கொடுத்தார், மடக்கி இறக்கலாம். அறையில் பீரோ மட்டும் இடம் மாறியது. ஜூகி பேச்சு இப்போதைக்கு இல்லை, தம்பிக்குப் பெரிய நிம்மதி.

நடுப்பகுதி முடிந்தது. ஆறு அங்குலம் எனக்குப் போதுமாக இருக்கிறது. ஆனால் இன்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தால் வளைவுகளில் மட்டும் கண்ணிமை மயிர் மாதிரி நூல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. நேரான இடங்களில் இல்லை. நூலின் இறுக்கத்தை மாற்றும் டென்ஷனை இறுக்கினேன், நூல் அறுகிறது.

பவர்டேபிள் (திருப்பூர்)

என்ன ஊசி, என்ன நூலுங்க?

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

ஊசி 14ஆம் நம்பர். மேலும் கீழும் டிக்கெட் 120 (நூலின் கன எண்) பாலியஸ்டர்.

பவர்டேபிள் (திருப்பூர்)

அது ரெண்டும் சரியான ஜோடிதான். மெஷின் பேரில் தப்பு இருந்தால் எல்லா இடத்திலும் தெரிந்திருக்கும். டென்ஷனைப் பழைய இடத்துக்கே கொண்டு வந்துடுங்க. கீழ்நூல் இருக்கிற பாபின் கேஸைத் தொங்கவிட்டு லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்கணும், சரசரவென்று இறங்கினால் மட்டும் அதில் கை வையுங்க.

ஸ்கார்பரோ_மாமி (டொரன்டோ)

வளைவில் கையை வெட்டித் திருப்புகிறீர்கள், தங்கச்சி. எல்லோரும் செய்வதுதான். வளைவு வந்ததும் கை தானாக வேகமெடுக்கும், ஊசி அந்த வேகத்துக்கு வராது, மேல்நூல் கீழே இழுபட்டு விடும். மோட்டார் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிப் பூட்டுங்கள், வளைவில் கையை மெதுவாக்குங்கள். அங்குலத்துக்கு எட்டு முதல் பத்துத் தையல் விழ வேண்டும். மூன்று அடுக்கு மிச்சத் துணி இருந்தால் அதில் அரை மணி நேரம் தைத்துவிட்டு வந்து குவில்ட்டில் உட்காருங்கள். ஒவ்வொரு நாளும் அப்படித்தான்.

நூல்கண்டு (கோயம்புத்தூர்)

மாமி, அதேதான். மிச்சத் துணியில் இருபது நிமிடம் தைத்ததுமே போய்விட்டது. பழைய கண்ணிமைகளில் பார்க்கச் சகிக்காததை மட்டும் பிரித்துவிட்டேன், மற்றதைத் துவைத்தால் சுருக்கத்தில் மறையும் என்று விட்டுவிட்டேன்.

இன்னும் இரண்டு ஓரமும், சுற்றி ஓரப்பட்டை வைக்கும் பைண்டிங்கும் பாக்கி. ஒட்டுத்துணி அக்காவுக்கு ஒரு செய்தி: பைண்டிங்கின் பின்பக்கத்தைக் கையால்தான் தைக்கப் போகிறேன். மணிக்கட்டுக்குத் தினம் ஒரு பக்கம் என்று கணக்கு.

கணக்கப்பிள்ளை (மதுரை)

சுற்றளவு 380 அங்குலம். நாலு நாள் போதாது, எட்டு என்று வையுங்கள்.